நுரைக்காத ஊர்!

வாடகைக்கு வீடு தேடி அலைகிற நண்பர்களுக்கு ஓர் இலவச யோசனை. வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிக்கொண்டு போவதற்குப் பதில், சட்டைப் பையில் ஒரு துண்டு சோப்பு எடுத்துக்கொண்டு போங்கள். புரோக்கர், "கிழக்குப் பார்த்த வாசல் சார், காத்து பிச்சுக்கிட்டு வரும் சார்..." என்று ராகம் போடும்போதே நேராகக் குளியலறைக்குள் புகுந்து, குழாயைத் திறந்து, கையில் சோப்பைத் தேயுங்கள். நுரை பொங்கினால் தாராளமாக அட்வான்ஸ் கொடுக்கலாம். நுரைக்குப் பதில் திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாக எதுவோ மிதந்தால்... மாச வாடகையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கேளுங்கள். அந்தப் பணத்தை அந்த வீட்டுக் குழாயே உங்களிடமிருந்து மாசாமாசம் வசூல் செய்துவிடும்.

'குழாய் எப்படிய்யா வசூல் பண்ணும்?' என்று கேட்கிறவர்கள் என்னோடு வள்ளூர் வரை வாருங்கள்.

திருவள்ளூர் இல்லை சார், வள்ளூர்! மரியாதை இல்லாமல் 'திரு'வை வெட்டிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். திருவள்ளூர் மாவட்டத்திலேயே, மீஞ்சூருக்குத் தெற்கே, 'திரு' இல்லாமல் தனியாக ஒரு வள்ளூர் இருக்கிறது.

மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று ஊர்கள் நகர்கின்றன. எண்ணூர் தாண்டியதும் பாலத்தின் மேல் ரயில் தடதடக்கிறது. கீழே கொசஸ்தலை ஆறு கடலைச் சந்திக்கிற கழிமுகம். எங்கு பார்த்தாலும் தண்ணீர். ஒரு சொட்டு வாயில் வைக்க முடியாது. தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், வானம் விழுந்துவிடாமல் முட்டுக் கொடுத்த மாதிரி நிற்கின்றன. வள்ளூர் அனல்மின் நிலையம் மட்டுமே 1500 மெகாவாட். 500 மெகாவாட் யூனிட் மூன்று. என்.டி.பி.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டுச் சேர்ந்து கட்டியது.

அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் இறங்கினேன். (2001-ல் வந்த 'சிட்டிசன்' படத்தில் அஜீத் தேடினாரே, அது அத்திப்பட்டி. இது அத்திப்பட்டு. வரைபடத்தில் பத்திரமாக இருக்கிறது!)

நான் தேடி வந்தது ஒரு கல்லூரி நண்பனை. அவனுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. அவன் மனைவிக்குத் திருவொற்றியூரில் வேலை. இரண்டுக்கும் நடுவில் குடித்தனம் போட்டால் இரண்டு பேருக்கும் ரயில் டிக்கெட் சமம் என்று கணக்குப் போட்டு வள்ளூருக்கு வந்தவன். நானும் அவனும் சேர்ந்து பி.காம். படித்தவர்கள். கணக்கு எங்கள் ரத்தத்தில் ஊறியது. (அரியர் வைத்ததும் அந்தப் பேப்பரில்தான் என்பது வேறு விஷயம்.)

வாசலில் செருப்பைக் கழற்றியதுமே அவன் மனைவி சொன்ன முதல் வார்த்தை: "கை கால் கழுவறதுன்னா சோப்பைத் தேடாதீங்கண்ணா. சும்மா கழுவினாலே போதும். சோப்பு போட்டா பிசுபிசுன்னு ஒட்டிக்கும்."

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் குளியலறை ஒரு மியூசியம். குழாய் மூக்கில் சுண்ணாம்பு மீசை. பிளாஸ்டிக் வாளி வாங்கும்போது நீலமாம். இப்போது உள்ளே முழுக்க விபூதிப் பட்டை. ஷவரில் இருபது ஓட்டை இருந்தால் ஏழு ஓட்டையில்தான் தண்ணீர் வருகிறது. அதில் மூன்று, குளிக்கிறவரை விட்டுவிட்டு எதிர்ச் சுவரைக் குளிப்பாட்டுகின்றன.

காரணம் எளிது. தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் என்ற இரண்டு ஆசாமிகள் அளவுக்கு மேல் கரைந்திருந்தால் அது கடின நீர். சோப்பு போட்டதும் முதல் பந்தியில் உட்காருவது இவர்கள்தான். சோப்பைச் சாப்பிட்டு, கரையாத வெள்ளைத் திட்டாக ஏப்பம் விட்ட பிறகு மிச்சம் இருந்தால்தான் உங்கள் முதுகுக்கு. அதனால்தான் மற்ற ஊரில் ஒரு மாசம் வரும் சோப்பு இங்கே இருபது நாளில் கரைகிறது. நம் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வைத்திருக்கிற கணக்கு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை. வேறு வழியே இல்லை என்றால் 600 வரை போகலாம். கடல் நீரில் அது 6000-க்கும் மேல். 100 குடம் நல்ல தண்ணீரில் 5 குடம் கடல் நீர் கலந்தாலே 300-க்கு மேல் ஏறிவிடும். நாக்கும் அதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது சமையலறை. "பருப்பு வேகாதுண்ணா. எத்தனை விசில் விட்டாலும் முழிச்சிக்கிட்டு நிக்கும்" என்றார். பொய் இல்லை. பருப்பின் தோலிலும் சதையிலும் இருக்கிற பசைப்பொருளைக் கால்சியம் இறுக்கிக் கட்டிவிடுகிறது. அதனால்தான் நம் பாட்டிமார் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டார்கள். இட்லிப் பானையின் அடியில் ஒரு துண்டு புளி போட்டு வைக்கிறார்களே, அதுவும் இதே யுத்தம்தான். தண்ணீர் கொதிக்கக் கொதிக்கச் சுண்ணாம்பு பிரிந்து பாத்திரத்தில் படிகிறது. புளியின் புளிப்பு அதைக் கெட்டியாக ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. ஹீட்டருக்குள் யார் புளி போடுவது? காயில் மேல் சுண்ணாம்பு கம்பளி போர்த்திக்கொள்கிறது. சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றி, ஒரு நாள் 'டப்'.

தெருமுனை டீக்கடையில் மாஸ்டரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"டீக்கு எந்தத் தண்ணிண்ணே?"

"கேன் தண்ணிதாங்க. பைப் தண்ணியில போட்டா டீ மேல ஏடு கட்டும். முன்ன ஒருத்தர் அதைப் பாலேடுன்னு நம்பி, 'நல்ல பால் ஊத்துறியேப்பா'ன்னு பாராட்டிட்டுப் போனாரு. மனசு கேக்கல. அன்னையிலேர்ந்து கேன்தான்!"

நண்பனின் வெள்ளைச் சட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆபீஸுக்குப் போகிறவனுக்கு வெள்ளைச் சட்டை மூலதனம். மூலதனத்துக்குத் தேய்மானம் உண்டு என்று முதல் வருஷமே படித்தோம். வள்ளூரில் அது ஆறு மாசத்தில் தெரிகிறது. வெள்ளை பழுப்பாகி, பழுப்பு சாம்பலாகி, துணி அட்டை மாதிரி விறைத்துக்கொள்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். இது அந்த ஒரு வீட்டுக் கணக்கு.

குடிக்கவும் சமைக்கவும் தினம் ஒரு 20 லிட்டர் கேன், 35 ரூபாய். மாசம் 1050. சோப்பு, சோப்புத்தூள் கூடுதல் செலவு 200. ஹீட்டர் காயில், குழாய், ஷவர் வகையில் வருஷத்துக்கு 1800, அதாவது மாசம் 150. டைல்ஸ் கறை தேய்க்க ஆசிட், எலுமிச்சை 60. சட்டைத் தேய்மானம் 150. ஆக மொத்தம் 1610 ரூபாய். வருஷத்துக்கு 19,320!

"இதுக்கு ரசீது கிடையாதுடா. ரசீது இல்லாத வரி" என்றான் நண்பன்.

அவன் மனைவி நோட்டை எட்டிப் பார்த்தார். "பயத்தை எந்தக் கணக்குலண்ணா எழுதுவீங்க?" என்றார்.

"என்ன பயம்மா?"

"2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். வாசல்ல முழங்கால் தண்ணி. கேன் வண்டி வரல. சுத்தித் தண்ணி, உள்ளே மூணு வயசுக் குழந்தை தண்ணி கேட்டு அழுவுது. மாடியில பாத்திரத்தை வச்சு மழையப் பிடிச்சுக் காய்ச்சிக் குடுத்தேன். அன்னிக்குதான் அந்தக் கேனைப் பாத்தாலே எனக்கு பயம் வந்துச்சு. நம்ம வீட்டு உசிரு ஒரு வண்டியில வருதேன்னு."

நான் பேனாவை மூடிவிட்டேன். அதற்கு எந்தப் பேரேட்டிலும் தலைப்பு இல்லை.

இன்னொன்று. பின் தெருவில் தினக்கூலிக் குடும்பங்கள். தினம் 35 ரூபாய் அங்கே கட்டுப்படியாகாது. குழாயில் வருவதைக் காய்ச்சி வடிகட்டிக் குடிக்கிறார்கள். காய்ச்சினால் கடினத்தில் ஒரு பகுதி அடியில் படியும், உப்பு போகாது. அவர்கள் கணக்கில் கேன் செலவு கிடையாது. அதற்குப் பதில் நாக்கு கட்டுகிறது.

சரி, இந்த உப்பு எங்கிருந்து வந்தது? கடலோர ஊர்தானே, ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று நினைத்தால் ஏமாந்தோம். தெருவில் ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, எங்கப்பா காலத்துல ஏத்தம் போட்டு இறைச்ச கிணறு. தண்ணி இளநி மாதிரி இருக்கும்."

கடலோர நிலத்துக்கு அடியில் எப்போதும் ஒரு கபடி ஆட்டம் நடக்கிறது. ஒரு பக்கம் மழையும் ஆறும் கொடுத்த நல்ல தண்ணீர். எதிர்ப் பக்கம் கடல். நல்ல தண்ணீர் நிறைய இருக்கிற வரை கடல் கோட்டைத் தாண்டாது. இதற்கு ஒரு கணக்கே உண்டு. நெதர்லாந்துக்காரர் கைபன், ஜெர்மனிக்காரர் ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். அதாவது மேலே ஒரு அடி இறைத்துவிட்டால், கீழே 40 அடி கடல் ஏறி வரும். வட்டிக்காரன்கூட இந்த விகிதத்தில் வட்டி போட மாட்டான்!

அந்த நீரை யார் இறைத்தது? 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்ததிலிருந்து கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் முதலில் சென்னைக்கு, மிச்சம்தான் கீழே என்று ஆனது. 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகைகளில் நிலத்தடி நீர் தேடினார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் அருமையான நீர்க் களஞ்சியங்கள் அகப்பட்டன. வரிசையாகக் கிணறுகள் தோண்டினார்கள். மீஞ்சூர்த் தண்ணீர் மணலியில் முளைத்த தொழிற்சாலைகளுக்குப் போனது. வயல்களிலும் மோட்டார்கள் ஓடின. ஆளாளுக்கு உறிஞ்சினார்கள்.

கபடியில் கடல் பாடிக்கொண்டே உள்ளே வந்தது. 1969-ல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை உப்பு. 1983-ல் சுமார் 9 கிலோமீட்டர். பின்னால் வந்த ஆய்வுகளில் 10 கிலோமீட்டரையும் தாண்டியது. 1987-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தார்கள். சட்டம் வந்தது, கடல் திரும்பிப் போகவில்லை. அதற்குச் சட்டம் படிக்கத் தெரியாதே!

வள்ளூரில் கொசஸ்தலையின் குறுக்கே ஓர் அணைக்கட்டு உண்டு. கழிமுகத்திலிருந்து ஏறி வருகிற உப்பு நீரை அது மறித்து நிற்கிறது. ஆற்றின் வழியாக வரும் கடலுக்கு அணை இருக்கிறது. மண்ணுக்கு அடியில் வரும் கடலுக்கு அணை ஏது?

இப்போது கதையில் ஒரு திருப்பம். பக்கத்திலேயே காட்டுப்பள்ளியில் 2010 ஜூலை 31-ஆம் தேதி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். பெயர் மீஞ்சூர் ஆலை. தினம் 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் தயாரிக்கிற திறன். அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் கடல்நீரை உறிஞ்ச வேண்டும். தண்ணீர் போவது சென்னை நகரத்துக்கு. ஆலை கட்டிய நிறுவனத்திடம் குடிநீர் வாரியம் ஒப்பந்தத்தில் பேசிய விலை 1000 லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. பழைய விலைதான், ஏறியிருக்கும். ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் நண்பன் கேனில் வாங்கும் தண்ணீர் 1000 லிட்டர் 1750 ரூபாய் ஆகிறது. கிட்டத்தட்ட 36 மடங்கு!

நிலத்தில் இருந்த நல்ல தண்ணீரும் ஊரை விட்டுப் போனது. கடலிலிருந்து செய்கிற நல்ல தண்ணீரும் இந்தப் பக்கத்திலிருந்து நகரத்துக்குப் போகிறது. ஊருக்கு மிஞ்சியது பெயர்ப் பலகை.

புலம்பிவிட்டு ரயில் ஏறினால் நான் என்ன கட்டுரையாளன்? விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் சேர்த்ததைச் சொல்கிறேன். உங்கள் ஊரும் இந்த ஜாதி என்றால் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பயம் தெளிவோம். கடினத்தன்மையால் மட்டும் உடம்புக்குக் கெடுதல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முடி சொரசொரப்பாகும், வாரும்போது அறுபடும். ஆனால் முன் வழுக்கைக்கு முழுப் பழியையும் குழாய் மேல் போடுகிற நண்பர்கள், தங்கள் அப்பாவின் போட்டோவையும் ஒரு முறை பார்க்கவும்.

இரண்டாவது, பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் விட்டு 'டி.டி.எஸ்.' எண் காட்டி மெஷின் விற்க வருவார்கள். அது மொத்தக் கரைசல் உப்பைக் காட்டும். கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டினால் பிரித்தே சொல்வார்கள். 'சாஃப்ட்னர்' என்பது கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிற பண்டமாற்று. நுரை வரும், உப்பு போகாது. ஆர்.ஓ. மெஷின் உப்பை எடுக்கும். ஆனால் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று டம்ளரைக் கழிவாக ஊற்றும். அந்தக் கழிவைத் தரை துடைக்க, கழிப்பறைக்கு என்று பிடித்து வையுங்கள்.

மூன்றாவது, பாட்டி வைத்தியம். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் கடின நீரிலும் நுரைக்கும். அவற்றின் நுரைப்பொருள் சோப்பு மாதிரி கால்சியத்திடம் சிக்குவதில்லை. வெள்ளைத் துணி ஊறவைக்கும் வாளியில் முதலில் கொஞ்சம் வாஷிங் சோடா போட்டால் சோப்புத்தூள் மிச்சம். அந்தக் காலத்தில் உவர்மண் போட்டு வெளுத்தார்களே, அதில் இருந்ததும் இதே சரக்குதான்.

நான்காவது, எல்லாவற்றுக்கும் மேலானது. மழை! மழைத் தண்ணீரில் கால்சியமும் இல்லை, மக்னீசியமும் இல்லை. சென்னை வட்டாரத்தில் வருஷத்துக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர் பெய்கிறது. 1000 சதுர அடி மொட்டை மாடியில் மட்டும் விழுவது ஒரு லட்சத்துப் பதினோராயிரம் லிட்டர். முக்கால்வாசியைப் பிடித்தாலும் நாலாயிரத்துச் சொச்சம் கேன். தினம் ஒன்று என்றால் பதினோரு வருஷத்துக்கு வரும்! அத்தனையையும் சேர்த்து வைக்க நம்மிடம் இடம் இல்லைதான். ஒரு தொட்டி நிறையப் பிடித்து, வடிகட்டி, காய்ச்சிக் குடித்துவிட்டு, மிச்சத்தை மண்ணுக்குள் விட வேண்டியதுதான். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் அந்தக் குழாய் இருக்கிறது; அதன் வாயில் செங்கல்லும் இருக்கிறது.

ஒரு வீடு செய்தால் கடல் பின்வாங்குமா? வாங்காது. ஊரும் அரசாங்கமும் சேர்ந்தால் வாங்கும். ஆரணியாற்றில் பாலேஸ்வரத்தில் தடுப்பணை கட்டிய பிறகு பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறி, உப்பு குறைந்ததை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். வெள்ள நாளில் பூண்டி மதகுகளைத் திறந்தால் கொசஸ்தலை கரை புரண்டு, வள்ளூர் அணைக்கட்டையும் தாண்டிக் கடலில் கலக்கிறது. அதில் கொஞ்சத்தை வழியிலேயே மடக்கி மண்ணுக்கு ஊட்டினால், கபடியில் நம் அணிக்கு ஆள் சேரும். உப்பு ஏறியதற்கு வருஷக்கணக்கு ஆனது. இறங்கவும் அவ்வளவு ஆகும். ஆனால் இறங்கும்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். வள்ளூரில் பழமொழி தலைகீழ். தண்ணீர் குடித்தது ஒருவர், உப்புத் தின்கிறது இன்னொருவர். நகரத்தில் இருக்கிற நாம் காலையில் முகத்துக்குச் சோப்பு போடும்போது பொங்கி வருகிறதே நுரை, அதில் ஒரு கைப்பிடி வள்ளூர்க்காரர்களுடையது. கடன் என்று எழுதி வைத்துக்கொள்வோம். வசூலுக்கு வருவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவது நமக்கும் நல்லது. ஏனென்றால், கடற்கரை நமக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது!